சப்பாத்தனுக்கு ஓர் இடம்

ஒரு நீர்நாயிடம் தன் தம்பி தோற்றுவிடக் கூடாது என்று தர்மினி மாதக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். என்ன செய்ய, அவள் பார்க்கிற வேலை அப்படி. ஒஸ்லோவில் ஆற்றங்கரையோரம், பழைய நெசவாலைக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் கணினி விளையாட்டு நிறுவனத்தில் அவள் வடிவமைப்பாளர். சின்னச் சின்ன நிறுவனங்கள் தனித்தனியாகச் செய்த விளையாட்டுகளில் இருந்து நாயகர்களையும் நாயகிகளையும் கூட்டிவந்து, ஒரே மேடையில் மோதவிடும் சண்டை விளையாட்டு ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். யார் யாரைக் கூட்டிவருவது என்று பார்க்கும் குழுவுக்கு அவள்தான் பொறுப்பு.

அதென்ன பெரிய வேலை, பிடித்த ஆளைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்பவர்கள் ஒரு நாளைக்கு அந்த மேசையில் வந்து இருந்து பார்க்க வேண்டும். ஒரு ஆளைச் சேர்த்தால் ஓவியர்களுக்கும் அசைவு செய்கிறவர்களுக்கும் மாதக்கணக்கில் வேலை. அதனால் ஆசைக்கெல்லாம் அங்கே இடமில்லை. நிழலை மட்டும் காட்டினாலும் இன்னார் என்று தெரிய வேண்டும். மற்றவர்களிடம் இல்லாத ஒரு சண்டை அந்த ஆளிடம் இருக்க வேண்டும். ரசிகர்கள் கேட்க வேண்டும். அவர்கள் கேட்டாலும் உரிமைக்காரர் சம்மதிக்க வேண்டும். இத்தனையும் பொருந்திவந்த பிறகு எவராவது ஒருவர் “எனக்கென்னவோ...” என்று இழுப்பார். அன்றைய கூட்டம் அத்தோடு குழம்பிவிடும்.

இப்போது எல்லா இடங்களும் நிரம்பி, ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதற்கு இரண்டு பேர் போட்டி. ஒன்று அந்த நீர்நாய். பேர்கன் நகரத்து நிறுவனம் ஒன்று பெற்ற செல்லப்பிள்ளை, ரசிகர்கள் கொட்டிக் கிடந்தார்கள். மற்றது சப்பாத்தன்.

சப்பாத்தன், தர்மினியின் தம்பி ஹரிசன் தனி ஆளாகச் செய்த ஒரு சின்ன விளையாட்டின் நாயகன். அவர்களுடைய அம்மா ராசமலரும் அப்பாவும் நோர்வேக்கு வந்த புதிதில், வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் வேலை செய்தவர்கள். ஆலைக்குப் போகிற வழியில் காற்று ஆளையே தூக்கப் பார்க்கும் என்று அம்மா சொன்ன கதையைப் பிடித்துக்கொண்டான் ஹரிசன். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, மஞ்சள் ஏப்ரன், காற்றுக்கு எதிராக நடக்கும் ஒரு பையன். அவ்வளவுதான் விளையாட்டு. காற்று அவனைத் தள்ளும், சறுக்கவைக்கும், ஆனால் விழுத்தாது. அதில் தோல்வி என்ற ஒன்றே கிடையாது. சப்பாத்தனின் குரலும் ஹரிசனுடையதுதான். ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியில், அம்மா வீட்டு உடுப்பு அலுமாரிக்குள், குளிர்ச்சட்டைகளுக்கு நடுவே குந்தியிருந்து பதிந்த குரல்.

அந்த விளையாட்டு வெளிவந்து ஒரு வருடம் ஆவதற்குள் ஹரிசன் போய்விட்டான். நுரையீரலில் புற்றுநோய். சிகரெட்டைக் கையால் தொட்டும் அறியாத பிள்ளை!

தம்பியின் ஆள் என்பதைத் தர்மினி எவரிடமும் ஒளிக்கவில்லை. குழுத் தலைவி இங்வில்ட் நியாயமான மனுசி. “இரண்டு பேரையும் அரைகுறையாகச் செய்து பார்ப்போம். மோதவிட்டுப் பார்த்துவிட்டு எல்லாரும் சேர்ந்து முடிவு செய்வோம்” என்றாள். தர்மினி பிடித்த பிடியை விடவில்லை. காற்றையே கையாக வைத்துச் சண்டை போடுகிற ஆள் வேறு எவர் இருக்கிறார், அந்தச் சப்பாத்தின் நிழலை எவர் மறப்பார் என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடினாள். தம்பியைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இந்த ஓர் இடத்தையாவது அவனுக்கு எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற வெறி அவளுக்கு.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவள் வாய் திறந்து சொல்லவில்லை. சப்பாத்தனை அவள் ஒரு நாளும் சத்தம் போட்டுப் பார்த்ததில்லை. சத்தத்தை நிறுத்தினால்தான் அசைவில் உள்ள பிழை பிடிபடும் என்று சாட்டுச் சொன்னாள். தொழிலில் உள்ள பழக்கம்தான் என்பதால் எவரும் துருவிக் கேட்கவில்லை. ஒலிகளைச் செய்யும் ஐரிக் குரல் பதிவுகளைக் கேட்டபோது, ஹரிசனின் கணினியில் கிடந்ததை அப்படியே அள்ளிக் கொடுத்தாள். ஒன்றைத் திறந்துகூடக் கேட்கவில்லை. தம்பியின் குரலைக் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை, அதுதான் உண்மை.

ஹரிசனின் விளையாட்டுக்கு இப்போது உரிமைக்காரர் அம்மாவும் அப்பாவும். அப்பா மறுபேச்சில்லாமல் சம்மதித்துவிட்டார். அம்மா மட்டும், “நான் ஒருக்கால் கண்ணாலை பாக்கவேணும் பிள்ளை. பாத்திட்டுச் சொல்லுறன்” என்றார்.

மோதவிட்டுப் பார்க்கும் நாளுக்கே அம்மாவை வரச் சொன்னாள் தர்மினி. வெள்ளிக்கிழமை மத்தியானம். ராசமலர் பேருந்து மாறி, சறுக்கும் நடைபாதையில் மெல்ல மெல்லக் கால்வைத்து, ஒரு பெட்டி நிறையப் பொரித்த றோல்ஸோடு வந்து சேர்ந்தார். அலுவலகமே அந்தப் பெட்டியைச் சுற்றி மொய்த்தது. பெரிய திரைக்கு முன்னால் இருந்த சோபாவில் அம்மாவை இருத்தி, கையில் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொடுத்தாள் தர்மினி. நீர்நாயை ஐரிக் எடுத்துக்கொண்டான். இங்வில்ட் பின்னால் நின்றாள்.

“இந்தப் பொத்தானை அமத்துங்கோ அம்மா. அப்ப தான் நீங்கள் சப்பாத்தனை எடுப்பியள்.”

ராசமலர் அமத்தினார்.

“ஓம், வாறன்!”

ஹரிசனின் குரல். பக்கத்து அறையில் இருந்து சொல்வதுபோல அவ்வளவு கிட்ட. அவன் போன பிறகு தர்மினி அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. ராசமலர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, கண் கலங்கிய நிலையிலும் முகம் மலர்ந்து மகளைப் பார்த்தார்.

“எடியே, இது நான் சாப்பிடக் கூப்பிடேக்கை சொன்னது! அலுமாரிக்கை இருந்து கத்தினவன். புட்டு ஆறப்போகுது எண்டு நான் ஏசினனான். அதையும் பதிஞ்சு போட்டு வச்சிருக்கிறான், பாரன்.”

அந்த முகத்தைப் பார்த்ததும், பட்ட பாட்டுக்கெல்லாம் பலன் கிடைத்துவிட்டது என்றே தர்மினி நினைத்தாள். சண்டை தொடங்கியது. சப்பாத்தன் காற்றுக்குள் சாய்ந்து நின்றான். நீர்நாய் பாய்ந்துவந்து வாலால் ஓர் அடி போட்டது.

சப்பாத்தன் இருமினான்.

நெஞ்சின் அடியில் இருந்து கிளம்பி, பாதியில் அறுந்து போகிற இருமல். அது ஹரிசனின் இருமல். விளையாட்டைச் செய்துகொண்டிருந்தபோதே தொடங்கி, கடைசி மாதங்களில் பியோர்ண்டால் வீட்டின் சுவருக்குள்ளால் வந்துகொண்டே இருந்த இருமல். நீர்நாய் இன்னும் ஓர் அடி அடித்தது. இன்னும் ஓர் இருமல். ராசமலரின் கையில் இருந்த கருவி மடியில் விழுந்தது. ஐரிக் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. அவன் அடித்துக்கொண்டே போனான், சப்பாத்தன் இருமிக்கொண்டே போனான். கடைசி அடியில் பையன் மல்லாக்க விழுந்தான். இருமி முடித்தவன் மூச்சை இழுக்கப் படாதபாடு படுகிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

“அசல் மாதிரியே இருக்கிறது, இல்லையா?” ஐரிக் பெருமையாகத் திரும்பினான். “பதிவுகளுக்கு இடையிடையே இருந்தது. எந்த நடிகராலும் இப்படிச் செய்ய முடியாது.”

பாவம், அவனுக்கு என்ன தெரியும். தர்மினிதானே அள்ளிக் கொடுத்தவள்.

“பிள்ளை, இதை நிப்பாட்டு” என்றார் ராசமலர்.

தர்மினி அம்மாவைக் கைத்தாங்கலாக அலுவலகச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

“சத்தியமா எனக்குத் தெரியாது அம்மா. நான் ஒருநாளும் சத்தம் போட்டுக் கேக்கேல்லை.”

“ஏன் கேக்கேல்லை?”

“ஏலாமல் இருந்தது.”

ராசமலர் மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். தர்மினி விம்மி விம்மி அழுதாள். தம்பி செத்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றவள், அன்று அழாததையும் சேர்த்து அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் இங்வில்ட் வந்து வாசலில் நின்றாள். ஐரிக்கிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டதாகவும், அவன் முகத்தில் ஈயாடவில்லை என்றும் சொன்னாள். வேறொரு நடிகரை வைத்து அடிபடும் சத்தங்களை மாற்றிவிடலாம், சப்பாத்தனைத் தனக்கும் பிடித்துவிட்டது, அவசரப்பட வேண்டாம் என்றுவிட்டுப் போனாள்.

“வேறை ஆளின்ரை சத்தம் போட்டால் அது அவனோ?” ராசமலர் கேட்டார். “அடி வாங்கிற சத்தமே இல்லாமல் விடேலாதோ?”

“ஏலாது அம்மா. அடி விழுந்தது மற்றாளுக்குத் தெரியவேணும். இதிலை வாற எல்லாருக்கும் தோக்கத் தெரியவேணும்.”

“அவன்ரை விளையாட்டிலை அவன் விழமாட்டான், என்ன?”

“விழமாட்டான்.”

ராசமலர் கழுத்தைச் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். “நான் வேண்டாம் எண்டு சொல்லமாட்டன். நீ இவ்வளவு பாடுபட்டனி. நீ தானே அவனுக்கு அக்கா, நீயே சொல்லு.”

உலகம் முழுக்க எத்தனை வீடுகளில், எத்தனை விரல்கள் அந்தப் பையனை விழுத்தும் என்று தர்மினி நினைத்துப் பார்த்தாள். அடிக்கிறவர்களில் பிழையே இல்லை, விளையாட்டே அதற்குத்தான். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு இங்வில்டின் மேசைக்குப் போனாள்.

“நீர்நாயைப் போடுங்கள்” என்றாள். “சப்பாத்தன் சண்டைக்குப் பிறந்த ஆள் இல்லை.”

இங்வில்ட் எழுந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். திங்கட்கிழமை காலையில் சப்பாத்தனை விளையாட்டில் இருந்து எடுத்துவிடுவார்கள்.

திரும்பி வந்தபோது அம்மா சமையலறையில் இல்லை. பெரிய திரைக்கு முன்னால், அதே சோபாவில் இருந்தார். ஐரிக் ஆள் தெரிவு செய்யும் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு எங்கோ போயிருந்தான். கட்டம் கட்டமாக எத்தனையோ முகங்கள். கடைசிக் கட்டத்தில் மஞ்சள் ஏப்ரனோடு சப்பாத்தன்.

“அதை மட்டும் ஒருக்கால் கேக்கலாமோ பிள்ளை?”

“கேளுங்கோ. ஆனால் அமத்தினவுடனை ஒரு வட்டம் சுருங்கும். அது முடிஞ்சால் சண்டை தொடங்கியிடும்.”

“நீ தொடங்க விடாதை.”

தர்மினி பக்கத்தில் அமர்ந்து, மற்றக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“ஹரிசன், சாப்பிட வா அப்பன்” என்று ராசமலர் திரையைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டுப் பொத்தானை அமத்தினார்.

“ஓம், வாறன்!”

வட்டம் சுருங்கி முடிவதற்குள் தர்மினி பின்னால் போகும் பொத்தானை அழுத்தினாள். சப்பாத்தன் திரும்பித் தன் கட்டத்துக்குள் போய் நின்றான். ராசமலர் மறுபடியும் கூப்பிட்டார்.