கழுத்துப்பட்டிக்கு உள்பக்கம்

இரும்பை உருக்கி ஊற்றுகிற அந்த ஆலையில் கொடுக்கும் ஓவரால், சட்டையும் கால்சட்டையும் ஒட்டிப் பிறந்த ஒரு முரட்டு உடுப்பு. அதைத் தைத்தவன் வாழ்நாளில் ஒரு மனிதனையும் நேரில் பார்த்ததில்லை என்பது டேப் அக்காவின் கட்சி. குட்டையானவன் போட்டால் தரையைப் பெருக்கும். தொப்பைக்காரன் போட்டால் ஜிப் பாதி வழியில் மக்கர் பண்ணும். கழுத்துப்பட்டி சொரசொரவென்று இருக்கும். வியர்வையில் நனைந்தால் கேட்கவே வேண்டாம், ஷிப்ட் முடிவதற்குள் கழுத்தைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு கோடு விழுந்துவிடும்.

தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் அவளுக்கு அந்தப் பெயர். வாசல் அறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். வேலை சரியில்லை என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போக முடியாது. துணி விஷயத்தில் அவளை ஏமாற்றவும் முடியாது. கடைக்காரன் சுத்தப் பருத்தி என்று சத்தியமே செய்தாலும், ஓரத்தில் ஒரு நூலை உருவி தீக்குச்சியில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பாள். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும். கலப்படம் என்றால் உருகி, கறுப்பு மணியாக விரலில் ஒட்டும்.

அவள் கணவர் ஆலையில் உலை மேஸ்திரி. அவருடைய தம்பியும் அங்கேதான், உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிற வேலை. எல்லோருக்கும் அவன் ஒல்லி. அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றவன். மாமியார் கண்ணை மூடியபிறகு அவனுக்குச் சோறு போட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்ததும், காதைத் திருகியதும் அவள்தான். கொழுந்தன் என்று வாயில்தான் சொல்வாள், மனசில் அவன் மூத்த பிள்ளை.

ஓவராலில் முதலில் கத்தரிக்கோல் வைத்தது அவனுக்காகத்தான். வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் அந்த உடுப்போடு வந்து நின்றான். உள்ளே இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம் போலிருந்தது.

"கழுத்து எரியுது அண்ணி. ஸ்டோர்க்காரர்கிட்ட சின்ன சைஸ் கேட்டா, இதுதான் இருக்கு, கத்தரிக்கோல் மட்டும் வெச்சிடாதேன்னு ஒரு பிரசங்கம் வேற."

"அவருக்கென்ன, ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கார். கழட்டுடா."

இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். கழுத்துப்பட்டியின் உள்பக்கம் கோட்டுக்கு வைக்கிற வழவழப்பான லைனிங் துணியை வைத்துத் தைத்தாள். பின்கழுத்தில் குத்திக்கொண்டிருந்த லேபிளை நறுக்கி, குண்டூசி குத்துகிற சின்னத் தலையணைக்குள் திணித்தாள். அதற்குப் பஞ்சு போதாமல் இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் ஒல்லி ஆலைக்குள் மாப்பிள்ளை மாதிரி போனான். அந்த வாரமே இன்னும் நாலு பேர் வந்தார்கள். அப்புறம் உலைப் பகுதியில் டேப் அக்கா கை படாத ஓவரால் இல்லை என்று ஆகிவிட்டது. கணவருடையதையும் விடவில்லை. குண்டூசித் தலையணை லேபிள்களால் கொழுகொழுவென்று ஆனது.

விபத்து ஒரு காலை ஷிப்டில் நடந்தது. அச்சில் எங்கோ ஈரம் இருந்திருக்கிறது. ஊற்றின இரும்பு வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள்மேல் எல்லாம் பொறி விழுந்தது, துணியில் பட்டு உருண்டு ஓடிவிட்டது. ஒல்லிக்கு மட்டும் ஒரு துளி கழுத்துப்பட்டிக்குள் இறங்கிவிட்டது. கழுத்தும் ஒரு தோளும் வெந்துபோயின. அவன் போட்ட சத்தம் தன் காதைவிட்டுப் போகவில்லை என்று கணவர் மருத்துவமனை வராந்தாவில் திரும்பத் திரும்பச் சொன்னார். டேப் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழக்கூடத் தோன்றவில்லை.

ஆலைக்குள் தீர்ப்பு அன்றைக்கே எழுதியாகிவிட்டது. ஸ்டோர்க்காரர் கமிஷன் அடித்துவிட்டு மட்டமான துணியை வாங்கிப் போட்டுவிட்டார் என்று ஆட்கள் ஸ்டோரைச் சுற்றி வளைத்தார்கள். ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தே விட்டான். நிர்வாகம் பிரச்சினையைத் தீர்க்கிற லட்சணத்தில், விசாரணை முடிகிறவரை வீட்டில் இருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டது. கேட்டபோது டேப் அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்தாள். அவன் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த ஓவரால்.

"பத்திரமா வை. யூனியன் கேட்டிருக்கு, மேனேஜர் மேசையில விரிச்சுக் காட்டணும்" என்றார் கணவர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அதைத் துணி வெட்டுகிற மேசைமேல் விரித்தாள். காட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நீவி மடிக்கலாம் என்றுதான் விரித்தாள். மேல்துணியில் கை ஓடியது. கரி பிடித்திருந்தது, ஆனால் ஓட்டை விழவில்லை. துளி இறங்கின இடத்தில்கூட முரட்டுத் துணி கறுத்துப்போய் அப்படியே நின்றிருந்தது. கழுத்துப்பட்டியைத் திருப்பினாள். உள்பக்கம் லைனிங் இல்லை. அது இருந்த இடத்தில் கறுப்பு மணிகள் கெட்டியாக ஒட்டிக் கிடந்தன. அவள் போட்ட தையல் முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்பு முடிச்சு.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தீப்பெட்டியை எடுத்தாள். ஓவரால் துணியிலிருந்து ஒரு நூலை உருவிக் காட்டினாள். அது கறுத்து, தீயை எடுத்ததும் தானே அணைந்தது. தன் லைனிங் துணியில் ஒரு இழை காட்டினாள். சுருண்டு, உருகி, கட்டைவிரலில் ஒட்டியது. சுள்ளென்றது. உதறினாலும் விடவில்லை. இதுதான் அவன் கழுத்தில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தபோது மெஷின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஊரில் உள்ள துணியையெல்லாம் கொளுத்திப் பார்த்த மகராசி, நெருப்புக்கு முன்னால் நிற்பவன் துணியைக் கொளுத்திப் பார்க்கவில்லை.

கணவர் இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பி வந்தார். ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார். உள்ளே அவள் வைத்த லைனிங் பளபளத்தது.

"கழட்டுங்க."

"என்னது?"

"அத முதல்ல கழட்டுங்கன்னேன்."

அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். மேசையிலிருந்த கழுத்துப்பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே."

"ஸ்டோர்க்காரர் வேலை போயிடுமே?"

"அவருக்கு இதில்லன்னா இன்னொன்னு. நீ சொன்னா, நாளைக்கு ஒல்லி மூஞ்சியில எப்படி முழிப்ப? வாசல்ல ஒருத்தன் துணி கொண்டு வருவானா? என் பொண்டாட்டின்னு நான் அங்க தலைநிமிர்ந்து நிக்க முடியுமா? ஒவ்வொருத்தனையா நான் கூப்பிட்டு, மெதுவா பிரிச்சிடச் சொல்றேன். சந்தடி இல்லாம முடிச்சிடலாம்."

அவர் சொன்னதில் அவளுக்கு ஆசை வராமல் இல்லை. ஒரு நிமிஷம் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஒல்லிக்குத் தெரியவே வேண்டாம். அவன் அண்ணி என்று கூப்பிடுகிற குரல் மாறாமல் இருக்கும்.

"இன்னைக்கு ஷிப்டுல எத்தனை பேர் அத மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

அவர் தன் ஜிப்பைக் கீழே இழுத்தார்.

"மெதுவா சொல்றதுக்குள்ள இன்னொரு துளி விழுந்தா?"

ஓவராலைப் பையில் திணித்துக்கொண்டு, குண்டூசித் தலையணையையும் லைனிங் துணியையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். அவர் பின்னாலேயே வந்தார். தடுக்கவில்லை.

ஆலை வாசலில் ஷிப்ட் மாறுகிற கூட்டம். டேப் அக்கா டீ பெஞ்சின் பக்கத்தில் நின்று சொன்னாள். வழக்கமான குரல் வரவில்லை. "ஸ்டோர்க்காரர் வாங்கின துணி எரியல. நான் வெச்ச துணிதான் எரிஞ்சுது." முதலில் யாருக்கும் புரியவில்லை. இழைகளைக் கொளுத்திக் காட்டினாள். உருகிச் சொட்டியதைப் பார்த்ததும் முன்வரிசையில் நின்றவன் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது.

"நாங்கதானே அக்கா கேட்டோம்" என்றான் ஒருவன், தரையைப் பார்த்தபடி. இன்னொருவன், "துணியைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவியே" என்று ஆரம்பித்து, மேஸ்திரி நிற்பதைப் பார்த்துவிட்டு முழுங்கினான். அவன் முழுங்காமலே சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

பாதுகாப்பு அதிகாரியான பெண்மணி உள்ளிருந்து வந்தார். டேப் அக்கா குண்டூசித் தலையணையைக் கிழித்து லேபிள்களை அவர் கையில் கொட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நெருப்புப் படம். இத்தனை நாளும் அதை அவள் பூ என்று நினைத்திருந்தாள்.

"துணிய மட்டும் சோதிச்சு இந்த முத்திரை குத்தறதில்ல" என்றார் அதிகாரி. "நூல், ஜிப், பட்டி எல்லாத்தையும் சேர்த்து நெருப்புல காட்டித்தான் கொடுக்கறாங்க. லூசா இருக்கறதும் கணக்குதான், சூடு உடம்புல ஏறாம நடுவுல காத்து நிக்கணும். இதுல ஒன்ன மாத்தினாலும் அது வெறும் துணி." பிறகு குரலை இறக்கி, "உடம்புக்குப் பொருந்துற சைஸ் கேட்டு நானும் எழுதிக்கிட்டேதான் இருந்தேன். எழுதினதோட நின்னுட்டேன்" என்றார்.

அன்று உலையை நிறுத்தினார்கள். ஆட்கள் ஓவராலைக் கழற்றி ஸ்டோர் வாசலில் குவித்தார்கள். எல்லாவற்றிலும் அவளுடைய தையல். ஸ்டோர்க்காரரைக் கூப்பிட ஆள் போயிற்று. அவர் வருகிறவரை அவள் இருக்கவில்லை. அவருக்குப் பட்டதைவிடப் பெரிய கடன் மருத்துவமனையில் கிடந்தது.

ஒல்லி கழுத்தைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். காதையும் மூடி, தாடையிலிருந்து தோள்வரை கட்டு. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியும் அண்ணி."

"என்னடா தெரியும்?"

"முதல் நாளே. கழுத்துல ஒட்டினத நர்ஸ் இடுக்கியால ஒவ்வொண்ணா எடுத்தாங்க. நைலான் மாதிரி இருக்கே, யூனிஃபார்ம்ல இது எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க. எனக்கு உடனே புரிஞ்சிடுச்சு."

"ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? நீங்க எனக்காகத் தெச்சது." உதடு கோணியது. "ஸ்டோர்க்காரரைச் சொன்னப்போ, சரி போகட்டும்னு விட்டுட்டேன். உங்க பேரு வெளிய வரலையேன்னு இருந்துச்சு."

அவளுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழத் தோன்றியது. கூடவே, சின்ன வயதில் திருகிய மாதிரி அந்தக் காதைப் பிடித்துத் திருகவும் தோன்றியது. காது கட்டுக்குள் இருந்தது.

"இன்னைக்கு உங்க அண்ணன் அதையேதான் போட்டுக்கிட்டுக் கிளம்பினார். நீயும் வாயைத் திறக்கல, நானும் திறக்கலன்னா?"

அவன் கண்ணோரத்தில் வழிந்தது காதுப்பக்கம் இறங்கிக் கட்டுக்குள் போனது. அவள் துடைத்துவிட்டாள்.

"அண்ணி."

"ம்."

"இந்தக் கட்டு தாடைக்குக் கீழ குத்துது. ரொம்ப நேரமா. ஏதாவது மெத்துன்னு கொஞ்சம் உள்ள வெச்சு விடுங்களேன்."

அவள் கை தானாக எழுந்தது. இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டை மெத்தென்றுதான் இருந்தது. கட்டின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கினால் போதும்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"குத்தட்டும்டா கண்ணு. நான் நர்ஸைக் கூப்பிடறேன்."