நிரப்பினால் ஒழுகும் வண்டி

மூன்றாவது தடவையாகவும் அந்தத் தாளில் அதே வாக்கியம்தான் இருந்தது: "பரிசோதித்ததில் பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை. வாடிக்கையாளர் திருப்தி." அதற்குக் கீழே அவர் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு கோடு.

முத்திரைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். வாக்கியம் மாறவில்லை.

முப்பத்தொரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் முத்திரை குத்துவார். ஒரு கிராம் குறைந்தாலும் குத்த மாட்டார். சொந்த மச்சினன் கடையிலும் குத்தவில்லை. மச்சினன் அதற்குப் பிறகு நாலு வருஷம் வீட்டுப் படி ஏறவில்லை. அப்படிச் சம்பாதித்த பெயர்தான் முத்திரைக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் பெயர் ஓய்வு பெறவில்லை. பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் என்று அந்தக் குடும்பத்தைப் பார்த்து ஒருவரும் விரல் நீட்டியதில்லை.

"கீழ ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிடலாம் சார்" என்றார் சர்வீஸ் மேனேஜர். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். ஒன்றுக்கும் மூடி இல்லை.

"திருப்தின்னு யாரு சொன்னது?"

"அது பிரிண்ட்லயே வந்துடும் சார்."

"நான் பிரிண்ட் ஆகலையே தம்பி."

"ஆகியிருக்கீங்களே சார், அதோ!" என்று மேனேஜர் பேனாவால் சுவரைக் காட்டினார். பக்கத்து மேஜைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முத்திரைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். கதவளவு பெரிய படம். நடுவில் அவர், வலப்பக்கம் மனைவி, இடப்பக்கம் மகள், முன்னால் சிவப்பு மோட்டார் சைக்கிள். மூன்று பேருமாக ஓர் அட்டைச் சாவியைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். சாவி மகளின் உயரம் இருக்கும். அவர் முகத்தில் கல்யாண வீட்டில்கூட யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில், "தரத்தில் கறாரான எங்கள் குடும்பத்தின் தேர்வு." பத்து மாதத்துக்கு முன் வண்டி எடுத்த அன்று ஷோரூம்காரர்கள் கேட்டார்கள், நின்றார். அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்ததும் அவரேதான். இப்போது புகார் சொல்ல வரும்போதெல்லாம் அவர் முகமே அவருக்கு எதிராகச் சுவரில் நின்று சிரித்தது.

மகள் வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துவரும் வேலையில் இருக்கிறாள். விடிந்தால் கிளம்ப வேண்டும். ஸ்கூட்டர் போதும் என்றவளை, "ஓட்டினா நல்ல வண்டியா ஓட்டு" என்று இந்த வண்டியை எடுக்க வைத்தவர் அப்பாதான். நாலாவது மாதம் வாடை ஆரம்பித்தது. ஐந்தாவது மாதம் பேன்ட் முழங்காலருகே ஈரம். போன வாரம் ஒரு வீட்டு வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஆள் இவள் வண்டியை நிறுத்தியதும், "அம்மா தாயே, தள்ளி நில்லு" என்று சிகரெட்டைச் சாக்கடையில் வீசிவிட்டு உள்ளே ஓடினாராம். மகள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. "என்னங்க, கொதிக்கிற இன்ஜினுக்கு மேல பெட்ரோல் சொட்டுது. நீங்க என்னடான்னா தாளைப் படிச்சுக்கிட்டிருக்கீங்க" என்றாள்.

முதல் தடவை மேனேஜர், "புது வண்டி சார், பெயின்ட் வாடை" என்றார். இரண்டாம் தடவை, "பங்க்ல வழிய வழிய ஊத்தியிருப்பாங்க" என்றார். இன்றைக்குக் கொஞ்சம் யோசித்து, "உங்க பொண்ணு ஊசி போடற ஸ்பிரிட் வச்சிருப்பாங்கல்ல? அந்த வாடையா இருக்கும்" என்றார்.

"என் பொண்ணுக்கு ஸ்பிரிட்டும் தெரியும், பெட்ரோலும் தெரியும். உங்களுக்கு மூக்கு இருக்கிறதே கண்ணாடி மாட்டிக்கத்தான் போல."

"கோபப்படாதீங்க சார். நீங்களே அளவு கிளாஸ் எல்லாம் கொண்டு வந்து வச்சுப் பார்த்தீங்களே. ஒரு சொட்டு விழுந்துச்சா?"

விழவில்லைதான். வீட்டிலிருந்து துணிப்பையில் நூறு மில்லி அளவுக் குவளையைக் கொண்டுவந்து, வண்டிக்கு அடியில் வைத்து, அரை மணி நேரம் குந்தியிருந்தார். குவளை எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. வீட்டில் ஒழுகுகிற வண்டி இங்கே வந்தால் மட்டும் சத்தியவானாக மாறிவிடுகிறது. இது என்ன கண்கட்டு?

"கையெழுத்துப் போடாட்டி?"

"போன ரெண்டு தடவை சும்மா விட்டுட்டேன் சார். இனிமே கையெழுத்து இல்லாம வண்டி வெளிய போகாது. ரூல்ஸ்."

"அப்ப நானும் போகலை" என்று சொல்லி, வரிசை நாற்காலிகளில் ஒன்றில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். அது தன் படத்துக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எழுந்து மாற்றி உட்கார்ந்தால் அதையும் பார்த்துச் சிரிப்பார்கள். அப்படியே இருந்தார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் ஒருவர் அதே சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் பெரிய தகரப் பெட்டி. கடைகளுக்கு ரொட்டி போடுகிறவர். மேனேஜரிடம் போகுமுன் சுவரைப் பார்த்தார்; நாற்காலியைப் பார்த்தார்; மறுபடி சுவரைப் பார்த்தார்.

"ஐயா, இது நீங்கதானே?"

"நான்தான்."

"உங்களைத்தான்யா தேடிக்கிட்டிருந்தேன். உங்களைப் பார்த்துத்தான் இதை வாங்கினேன். நானும் என் பொண்டாட்டியும் இதே இடத்துல நின்னு வாங்கலாமா வேண்டாமான்னு குழம்பிட்டிருந்தோம். அவதான் சொன்னா, இந்தப் பெரியவர் மூஞ்சியைப் பாருங்க, இது பொய் சொல்ற மூஞ்சி இல்லன்னு."

முத்திரைக்காரருக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது.

"இப்ப என்ன ஆச்சு?" என்றார் மெதுவாக.

"ரொட்டியில பெட்ரோல் வாடை. மூணு கடைக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. ஒருத்தர் கேட்கிறாரு, ரொட்டியை அடுப்புல சுட்டியா, பங்க்ல சுட்டியான்னு. இங்க வந்து சொன்னா, ஒழுகலை, கிளம்புன்னு விரட்டறாங்க."

பழைய ஆய்வாளர் விழித்துக்கொண்டார். "எப்ப எப்ப ஒழுகுது? நினைவுபடுத்திச் சொல்லுங்க."

"காலையில நிரப்பிட்டுக் கிளம்பினா ஒழுகும். மத்தியானத்துக்கு மேல நின்னுடும்யா."

"இங்க கொண்டு வரும்போது டேங்க்ல எவ்வளவு இருக்கும்?"

ரொட்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சுத்தமா உறிஞ்சி எடுத்துட்டுத்தான் வருவேன். நிறைய டேங்க்கோட இவங்க கையில எவன் கொடுப்பான்? விட்டா நம்ம பெட்ரோல்ல ஊர் சுத்திட்டு வந்துடுவாங்களே."

முத்திரைக்காரருக்குக் காது மடல் சுட்டது. அவரும் அதைத்தான் செய்துவந்தார். ஒவ்வொரு தடவையும் சர்வீஸுக்கு முதல் நாள் சாயங்காலம், ஒரு டியூபைப் போட்டு பெட்ரோலையெல்லாம் கேனில் இறக்கிவிட்டு, இங்கே வந்துசேர மட்டும் அடியில் கொஞ்சம் விட்டுவைப்பார். போன முறை மகள் பக்கத்தில் நின்று சொன்னாள்: "ப்பா, நிறைய இருக்கும்போதுதான் வாடை தாங்கலை. இந்தத் தடவை அப்படியே விட்டுப் பார்க்கலாம்ப்பா." அதற்கு அவர் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் நினைவு வந்தது. "உனக்கு ஆளுங்களைத் தெரியாதும்மா. நான் முப்பத்தொரு வருஷம் திருட்டுத் தராசோட மல்லுக்கட்டினவன்."

எழுந்தார். சர்வீஸ் கொட்டகையில் கிடந்த ஒரு கேனைக் கொடுத்து ரொட்டிக்காரரை எதிரே இருந்த பங்க்குக்கு அனுப்பினார். கொட்டகையில் நின்ற மகளின் வண்டியில் கழுத்து வரை பெட்ரோல் ஊற்றச் சொன்னார். "யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. பீடி, தீப்பெட்டி இருக்கிறவங்க ரோட்டுக்குப் போங்க" என்றார். அதட்டல் பழைய அதட்டல். மூன்று மெக்கானிக்குகள் மறுபேச்சில்லாமல் ரோட்டுக்குப் போனார்கள். குவளையை இன்ஜினுக்கு அடியில் வைத்தார். கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது நிமிஷம் முதல் சொட்டு விழுந்தது. பத்தாவது நிமிஷம் குவளையில் பதினாலு மில்லி.

மூத்த மெக்கானிக் சீட்டைக் கழற்றி டேங்க்கைத் தூக்கினார். டேங்க், வண்டியின் முதுகுத்தண்டுக் குழாயின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழாய் நுழைகிற வளைவில், பாதி உயரத்துக்கு மேலே, வெல்டிங் தலைமுடி கனத்துக்குப் பிளந்திருந்தது. பெட்ரோல் பாதிக்குக் கீழே இருந்தால் பிளவைத் தொடாது. நிறைந்திருந்தால் குழாய் வழியே இறங்கி நேரே இன்ஜின் மேல் விழும். ரொட்டிக்காரர் வண்டியையும் தூக்கிப் பார்த்தார்கள். அதே இடம், அதே பிளவு.

மேனேஜர் முத்திரைக்காரரின் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துக்கொண்டு போனார். "சார், புது டேங்க் போட்டுத் தர்றேன். நாளைக்கே. உங்களுக்கு மட்டும். இந்தத் தாளை மட்டும் முடிச்சுக் கொடுத்துடுங்க."

"இதுல கசிவு இல்லைன்னுதானே இருக்கு?"

"இருந்துட்டுப் போகட்டும் சார். உற்பத்திக் குறைன்னு எழுதினா கம்பெனிக்குப் போகும், விசாரணை வரும். உங்க வண்டி சரியாகுதா, அதைப் பாருங்க."

"இந்த மாடல் வண்டியில வாடைன்னு இதுவரைக்கும் எத்தனை பேர் வந்தாங்க?"

"இருபத்துமூணு" என்ற மேனேஜர், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போது மகள் போனில் கூப்பிட்டாள். "ப்பா, முடிஞ்சுதா? நாளைக்கு விடியற்காலையில ஆறு வீடு இருக்கு."

முத்திரைக்காரர் தாளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் மகளுக்கு நாளைக்குப் புது டேங்க். தொண்டையைச் செருமினார்.

"நீ சொன்னதுதாம்மா சரி. நிரப்பினாத்தான் ஒழுகுது. காலி பண்ணிப் பண்ணிக் கொண்டு வந்து கெடுத்தது நான்தான்."

"ப்பா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"மேனேஜர் இருக்கார்."

"ஆள் இருக்கும்போதேவா இதைச் சொல்றீங்க!"

அவர் விஷயத்தைச் சொன்னார். இருபத்துமூன்று பேரையும் சொன்னார். "உங்களுக்கு மட்டும்" என்றதையும் சொன்னார்.

"நான் பஸ்ஸுல போய்க்கிறேன்ப்பா" என்றாள் மகள். "எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை. தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க."

அவர் போனைப் பையில் வைத்தார். முன்கூடத்துக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

"சார், சார், விழுந்துடுவீங்க! அது கம்பெனிப் படம் சார்!"

"படம் கம்பெனியோடது. மூஞ்சி என்னோடது."

ரொட்டிக்காரர் கீழே தாங்கிக்கொள்ள, படம் இறங்கியது. அதைத் திருப்பி மேஜைமேல் கவிழ்த்து, மேனேஜரின் சட்டைப் பையிலிருந்தே ஒரு பேனாவை உருவி, பின்பக்க அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினார்: "இந்த வண்டியை நல்ல வண்டி என்று சொன்னது நான். டேங்க்கை நிரப்பினால் பெட்ரோல் ஒழுகி இன்ஜின் மேல் விழுகிறது. ஒரு வண்டியில் ஒழுகியதையும் இரண்டு வண்டியில் பிளவையும் கண்ணால் பார்த்தேன். வாங்கியவர்கள் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். வாடை வந்தால் ஓட்டவும் வேண்டாம்." கீழே கையெழுத்து, தேதி. படத்தைச் சுவர்ப் பக்கம் முகம் இருக்கும்படி மறுபடி மாட்டினார்.

வண்டி பார்க்க வந்திருந்த புதுத் தம்பதி ஒன்று பக்கத்தில் வந்து படித்தது. மனைவி கணவனின் முழங்கையை இடித்தாள். இருவரும் செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே போனார்கள். அடுத்து ஒரு அண்ணன் தம்பி வந்து படித்தார்கள். தம்பி போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டான்.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போன் போட்டார். கண்ணாடி அறைக்குள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்து, ஒரு புதுத் தாளை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: "டேங்க் நிரம்பியிருக்கும்போது பெட்ரோல் கசிவு. வெல்டிங் பிளவு. உற்பத்திக் குறை."

"முன்னாடி மூணு தடவை ஏன் தெரியலைன்னும் எழுதுங்க."

"அது எதுக்கு சார் இப்ப?"

"டேங்க்கைக் காலி பண்ணிக் கொண்டு வந்தது வாடிக்கையாளர் தப்பு. நிரப்பிப் பார்க்காம இல்லைன்னு எழுதினது உங்க தப்பு. ரெண்டையும் எழுதுங்க."

மேனேஜர் எழுதினார். முத்திரைக்காரர் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் ஷோரூம் முத்திரையைக் குத்தித் தாளை நீட்டினார்.

"மங்கலா இருக்கு தம்பி. மையை ஒத்திட்டு இன்னொரு தடவை குத்துங்க."

குத்தினார். ரொட்டிக்காரரின் தாளும் அதே மாதிரி முடிந்தது. மேனேஜர் மேஜை இழுப்பறையைச் சாத்திப் பூட்டினார். "அப்பாடா. கிளம்பலாமா சார்?"

"இன்னும் இருபத்தொண்ணு இருக்கு. அவங்க போன் நம்பரெல்லாம் எடுங்க."

"சார், மணி அஞ்சரை. கடையை மூடணும்."

முத்திரைக்காரர் அளவுக் குவளையைத் துடைத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டார்.

"காலையில எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டார்.