சோப்புத் தேய்த்த பெல்ட்

வாடகைக் காரின் பானெட்டைத் தூக்கியதுமே மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினான்.

"பெல்ட் பூரா வெடிச்சுப் போச்சுண்ணே. மாத்தியே ஆகணும்."

"அடுத்த மாசம் பார்க்கலாம்பா. இப்போ எல்லாம் வீட்டுக்காரி மருந்துக்கே போயிருது," என்றார் ஓட்டுநர். "சத்தம் மட்டும் நின்னா போதும். பன்னியை ஏத்தி வச்சிருக்கியான்னு நேத்து ஒருத்தர் கேட்டுட்டாரு."

"பின்னே? நீங்க வர்றது நாலு தெருவுக்கு முன்னாடியே கேக்குதே!"

மெக்கானிக் கைகழுவும் இடத்திலிருந்து காய்ந்த சோப்புத் துண்டை எடுத்துவந்து, என்ஜினை அணைத்துவிட்டு, பெல்ட்டின் உட்பக்கத்தில் அழுத்தித் தேய்த்தான்.

"நாலு நாளைக்கு வாயைத் திறக்காது. அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

மதியம் மாத்திரை கொடுக்க வீட்டுக்குத் திரும்பினார். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பவேண்டிய தெருமுனை. தினமும் பெல்ட் அங்கேதான் வீறிடும். இன்று கார் பூனைபோல வந்து நின்றது. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

செருப்பைக் கழற்றும்போது ஜன்னல் வழியே பார்த்தார்.

மனைவி தரையில் கிடந்தாள். கட்டில் காலை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள். வாயில் துண்டைத் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் சீப்பு, பவுடர் டப்பா, சின்னக் கண்ணாடி மூன்றும் வரிசையாக, தயாராக இருந்தன.

தினமும் அவர் வரும்போது அவள் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள், தலை வாரி, முகம் துடைத்து. "இன்னிக்கு வலியே இல்லைங்க" என்பாள். மருந்து கேட்கிறது என்று அவரும் நம்பினார். தெருமுனையில் பெல்ட் கத்தி, காரை ஓரங்கட்டி, கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டி வருவதற்கு எப்படியும் மூன்று நிமிடமாகும்.

கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டார்.

என்ஜினைப் போடாமல் காரைத் தள்ளியே தெருமுனைக்குக் கொண்டுபோனார். பெல்ட்டை ஈரத்துணியால் துடைத்தார், பிறகு சட்டை நுனியால் உலர்த்தினார். விரல் நுனி சுட்டது. என்ஜினையும் ஏசியையும் போட்டு, ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தார். சத்தம் வரவில்லை.

"கத்தித் தொலையேன்," என்றார்.

மறுபடி இறங்கித் துடைத்தார். நான்காவது தடவை பெல்ட் வீறிட்டது. தெருநாய் ஒன்று எழுந்து ஓடியது. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வழக்கத்தைவிட இன்னும் கொஞ்ச நேரம்.

உள்ளே போனபோது அவள் நாற்காலியில் இருந்தாள். தலை வாரியிருந்தது. ஒரு கன்னத்தில் பவுடர் திட்டாக நின்றது.

"மெக்கானிக்கிட்ட காட்டலையா? ஊரே எழுந்திரிச்சிரும் போலிருக்கே."

"காட்டினேன். ஒண்ணும் பண்ண முடியாதாம்."

"இருக்கட்டும் விடுங்க," என்றாள் அவசரமாக. "இன்னிக்கு வலியே இல்லைங்க."

கட்டிலில் துண்டு ஈரமாகக் கிடந்தது. அவர் பார்க்காததுபோல அதன் மேலேயே உட்கார்ந்து, மாத்திரை அட்டையைப் பிரித்தார்.