மூன்று தரம் தவறிய ஒஸ்டின்

1

இந்தக் கதையில் கொஞ்சம் நான் பார்த்தது, கொஞ்சம் கேட்டது, மிச்சம் இட்டுக்கட்டியது. எது எதுவென்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். சொல்ல மறந்த இடங்களில் இட்டுக்கட்டியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1955ஆம் ஆண்டு. பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஒப்பீஸில் நான் இரண்டாம் கிளாக்கர். எனக்கு மேலே பெரிய கிளாக்கர் கனகசுந்தரம். அவருக்கு ஐம்பத்துமூன்று வயது, எனக்கு இருபத்துநாலு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மூடுபனி விலகியபோது, தேயிலை மலைகளின் நடுவே அந்தப் பழைய கார்—”

அடித்துவிட்டேன். மலைநாட்டுக் கதையென்றால் பனி விலகித்தான் ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கார் கிடந்தது தொழிற்சாலைக்குப் பின்னால், உரச்சாக்கு அடுக்கும் கொட்டிலில். அங்கே பனி இல்லை. எலிப்புழுக்கை இருந்தது.

இரண்டாம் தரம், “கனகசுந்தரம் தனிமையில்” என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். அந்தச் சொல்லை எழுதிவிட்டால் பிறகு எழுத ஒன்றும் மிஞ்சாது.

2

சீமைக்குக் கப்பலேறிப் போன துரை ஒருவர் அந்த ஒஸ்டின் செவனைக் கனகசுந்தரத்திடம் விட்டுப் போயிருந்தார். 1931ஆம் ஆண்டு வண்டி. நாலு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். ஐந்து வருசமாக ஓடாததால் லைசன்ஸ் செத்துப்போயிருந்தது. மறுபடி தெருவில் இறக்குவதானால், மாதம் ஒரு புதன்கிழமை பதுளை அரசாங்கக் கச்சேரி வளவுக்கு வரும் மோட்டார்ப் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும்.

தோட்டத்து லொறி டிரைவர் ரெங்கசாமிதான் கயிறு கட்டி வண்டியைப் பதுளைக்கு இழுத்துப் போனார்.

“ஐயா, இது ஓடுங்களா?”

“ஓடாமலோ? யாழ்ப்பாணம் மட்டுக்கும் ஓட்டப்போறன், மகளைப் பாக்க.”

“அம்புட்டு தூரத்துக்கு ரயில்ல போயிறலாமுங்களே.”

ரெங்கசாமி சொன்னது நியாயம். (இதை நான் என் காதால் கேட்டேன்.)

கனகசுந்தரத்தின் மனைவி இறந்து நாலு வருசம். ஒரே மகள் லீலாதேவி கலியாணம் முடித்து யாழ்ப்பாணப் பக்கம் சாவகச்சேரியில் இருந்தாள். மாதம் ஒரு கடிதம் வரும். தோட்டத்தில் பெரிய கிளாக்கரின் இடம் வினோதமானது. மேலே துரை பங்களா. கூப்பிட்டால்தான் போகலாம், போனாலும் விறாந்தையோடு சரி. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயம். காலைப் பெரட்டில் ஆள் எண்ணிப் பேர் பதிகிற ஐயா லயத்து வாசலில் போய் நின்றால், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள்; அவர் போகும்வரை உட்காரமாட்டார்கள். நடுவில் நாங்கள், மற்ற உத்தியோகத்தர்கள். அவர் வந்தால் நாங்கள் பேச்சை மாற்றுவோம்.

3

பதுளைக் கடைத்தெருவின் கோடியில் ஜுனைதீன் நானாவின் கராஜ். முன்னால் தகரக் கொட்டில், பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரு சீலைத் திரை. சனிக்கிழமை தோட்டத்தில் அரை நாள். ஒரு மணி பஸ்ஸில் கனகசுந்தரம் குடையோடு போய் இறங்குவார்.

முதல் சனிக்கிழமை குடையை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“ஏன் நிக்கிறீங்க ஐயா? இருங்க” என்றார் ஜுனைதீன்.

லொறி டயர் ஒன்றின்மேல் பலகை போட்டிருந்தது. உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததற்காக அங்கே யாரும் எழுந்து நிற்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை டோர்ச் பிடித்தார். ஐந்தாவது சனிக்கிழமை, கேட்காமலே சரியான ஸ்பேனரை எடுத்து நீட்டினார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்குகளைச் சுரண்டிப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு டியூன் பண்ணும்போது ஜுனைதீன் கேட்பார்:

“கேக்குதா ஐயா? மூணு சிலிண்டர்தான் வேல செய்யுது. நாலாவது சும்மா ஈக்குது.”

“எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்குது, நானா.”

“கண்ண மூடிக் கேளுங்க.”

கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில், ஓட்டத்தின் நடுவே ஒருவர் காலைத் தாங்கித் தாங்கி நடப்பதுபோல ஒரு இடறல் கேட்டது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஜுனைதீனும் சிரித்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து சாப்பாடு வரும். ஜுனைதீனின் மனைவி ஸவாஹிராவை அவர் ஒருநாளும் கண்டதில்லை, குரல் மட்டும் தெரியும். சனிக்கிழமை ஐயா மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை என்று கேள்விப்பட்ட மறுவாரம், அவருக்கு மரக்கறி ஆக்கவென்று ஸவாஹிரா புதுச் சட்டி வாங்கினாளாம். பூசணிக்காய்க் கறியும் பருப்பும். ஒரே பலகையில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

[இங்கே அவருடைய குவார்ட்டஸ் வீட்டில் வெள்ளிக்கிழமை எப்படி, ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று அரைப் பக்கம் எழுதினேன். பிறகு கிழித்தேன். உங்களுக்கே தெரியும்.]

4

முதல் பரிசோதனையில் வண்டி நேர்மையாகத்தான் தவறியது. ஸ்டியரிங் லூஸ். “அடுத்த மாசம் பாப்பம்” என்றார் ஜுனைதீன். திரும்பி வரும் பஸ்ஸில் கனகசுந்தரத்துக்கு வருத்தம் வரவில்லை. இன்னும் நாலு சனிக்கிழமை இருக்கிறது என்று மனம் விரல் விட்டு எண்ணியது. (இந்த எண்ணிக்கை நான் இட்டுக்கட்டியது.)

அடுத்த மாதம் வண்டியில் ஒரு குறையும் இல்லை. நாலு சிலிண்டரும் சேர்ந்து பாடின. புதன்கிழமை காலையில், கச்சேரிக்குப் புறப்படுமுன் ஜுனைதீன் கை கழுவப் பின்னால் போனார். கைப்பிரேக் கம்பியை இறுக்கும் நட்டுக்கு இரண்டு காதுகள் உண்டு. ஸ்பேனர் வேண்டாம், விரலாலேயே திருகலாம். கனகசுந்தரம் குனிந்து அதை நாலு சுற்றுத் தளர்த்தினார்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. பெரட்டில் ஆள் எண்ணிக்கை ஒன்று பிசகினால் மூன்று நாள் சோறு இறங்காத மனிதர் அவர். இப்படிச் செய்வாரா? நான் உண்டாக்கிய பாத்திரமாக இருந்தால் செய்யவிட்டிருக்கமாட்டேன். ஆனால் இது இட்டுக்கட்டியதல்ல. ஜுனைதீன் நானாவே எனக்குச் சொன்னது.

கச்சேரிக்குப் பக்கத்து ஏற்றத்தில் பரிசோதகர் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தார். வண்டி மெல்லப் பின்னுக்கு உருண்டது.

மூன்றாம் மாதமும் அதே ஏற்றம், அதே உருளல். நட்டைத் தளர்த்திய விரலும் அதே விரல்.

5

மூன்றாம் தரம், மற்ற வண்டிக்காரர்கள் சுற்றி நிற்கும்போது, பரிசோதகர் ஜுனைதீனிடம் சொன்னார்: “உம்முடைய வேலை முன்னே இப்படி இருந்ததில்லையே.” சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பதுளை சின்ன ஊர்.

அடுத்த சனிக்கிழமை கனகசுந்தரம் போனபோது, வழக்கமாக அங்கே நிற்கும் பக்கத்துத் தோட்டத்து லொறிகள் இரண்டும் இல்லை. வேறு கராஜுக்குப் போய்விட்டன. வேறொரு லொறிக்காரர் பிரேக் பார்க்கச் சொல்லி வந்தார். ஜுனைதீன் கையைத் துடைத்துக்கொண்டே, “பிரேக் வேல நான் இனி எடுக்கிறதில்ல” என்று அனுப்பிவிட்டார்.

“ஏன் நானா?”

“நானே இறுக்கின நட்டு, ஐயா. ரெண்டு தரமும் இறுக்கினது நல்லா ஞாபகம் ஈக்குது. ஆனா இறுகல்ல. அப்ப எண்ட ஞாபகம் பிழ, இல்லாட்டி கை பிழ. இந்தச் சின்னக் கார் உருண்டா ஒண்டும் இல்ல. லொறி நிறைய ஆள் ஏத்திக்கிட்டு இந்த மலையில எறங்குறாங்க. அதுல நான் பிழ விட்டா?”

சொல்லிவிட்டு, ஏற்கெனவே பார்த்த பிளக்கை மறுபடி கழற்றிப் பார்த்தார். பூட்டினார். மறுபடி கழற்றினார்.

அன்று திரைக்கு அப்பாலிருந்து ஸவாஹிரா சொன்னாள்: “ஐயா, நீங்களாவது சொல்லுங்க. ராவெல்லாம் முழிச்சிக்கிட்டுக் கையையே பாத்துக்கிட்டு ஈக்கிறார்.”

6

ஒப்புக்கொள்ளும் காட்சியை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கனகசுந்தரம் அழுதார். ஒன்றில் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒன்றில் ஜுனைதீன் அவரைக் கட்டி—

இல்லை. நடந்தது இவ்வளவுதான். அதே சனிக்கிழமை, சாப்பாடு முடிந்து தேநீர் வருவதற்கு முன்னால், கனகசுந்தரம் எழுந்து வண்டியின் கதவைத் திறந்தார். குனிந்தார். ஜுனைதீன் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நட்டை விரலால் திருகிக் காட்டினார்.

“பிழை உங்கட கையில இல்லை, நானா. என்ர கையில.”

ஜுனைதீனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், “ரெண்டு தரமுமா?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம்.”

“ஏன் ஐயா?”

“வண்டி சரியாப் போனா, சனிக்கிழமையில எனக்கு வர வேற காரணம் இல்லை.”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ஜுனைதீன், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். நட்டை இறுக்கினார். மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, இனி விரலால் திருக முடியாதபடி அதைச் சுற்றிக் கட்டினார். விசயம் தெரியாத ஸவாஹிரா வழக்கம்போல இரண்டு கோப்பையில் தேநீர் அனுப்பினாள். கனகசுந்தரம் தன் கோப்பையைக் குடித்து முடித்தார். மற்றது ஆறிக் கிடந்தது.

7

நாலாம் பரிசோதனையில் வண்டி தேறியது. ஏற்றத்தில் ஆணி அடித்ததுபோல நின்றது. பரிசோதகர் கையெழுத்து வைத்து நிமிர்ந்தபோது, கனகசுந்தரம் குடையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: “போன ரெண்டு தரமும் பிரேக்கைத் தளர்த்தினது நான். இவரின்ர வேலையில ஒரு பிழையும் இல்லை.”

பரிசோதகர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எதற்காக?” என்றார்.

“அதை மட்டும் கேக்காதேங்கோ.”

யாரோ சிரித்தார்கள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒருவருக்கு மூளை பிசகிவிட்டது என்று அன்று மாலைக்குள் எங்கள் ஒப்பீஸ்வரை செய்தி வந்துவிட்டது. நாங்களும் சிரித்தோம்.

கராஜ் வாசலில் ஜுனைதீன் சாவியைக் கொடுத்தார்.

“பாத்துப் போங்க, ஐயா.”\*

\* நம்மில் யாரும் யாரையும் வெறுமனே ‘போங்க’ என்று அனுப்புவதில்லை. ‘போய்ட்டு வாங்க’ என்போம். எதிரிக்குக்கூட வாய் தவறி அந்த ‘வாங்க’ வந்துவிடும். கனகசுந்தரம் அந்தச் சொல்லுக்காக ஒரு கணம் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். (இட்டுக்கட்டியது. ஆனால் நின்றிருப்பார்.)

8

அந்த வெள்ளிக்கிழமை நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். ஜுனைதீன் நானா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, “உங்கட பெரிய கிளாக்கர் எப்பிடி ஈக்கிறார்?” என்று கேட்டார். பிறகு, மேலே எழுதியதையெல்லாம் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு லொறி நின்றது. பக்கத்துத் தோட்டத்து லொறி, திரும்பி வந்துவிட்டது.

“கோபமோ, நானா?”

“கோவம் இல்ல தம்பி. ஆனா இனி அவர் வந்தா, நான் அவர்ட கையப் பாத்துக்கிட்டேதான் ஈக்கணும். அது எனக்கு ஏலா.” லொறிப் பக்கம் திரும்பிக்கொண்டே, “நாளைக்கு மரக்கறி ஆக்கவா எண்டு வீட்ல கேட்டாங்க. நான் இன்னும் ஒண்டும் சொல்லல்ல” என்றார்.

சனிக்கிழமை அரை நாள் முடிந்தது. ஒப்பீஸ் வளைவில் ஒஸ்டின் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கனகசுந்தரம் சலவைச் சட்டை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளிருந்தே எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

“தம்பி, பதுளைக்குப் போறன். வாறீரோ?”

முதல் நாள் கேட்ட பேச்சு முழுவதும் என் வாயில் இருந்தது. மரக்கறி ஆக்குவது இன்னும் முடிவாகவில்லை என்பதுகூட. நான், “சாமான் கட்டவேணும் ஐயா” என்றேன். பொய்யில்லை, திங்கட்கிழமை அப்புத்தளைக்கு மாற்றலாகிப் போகவிருந்தேன். கட்டவிருந்தது ஒரு ட்ரங்குப் பெட்டி.

“ஓமோம், கட்டும்” என்றார். கதவைச் சாத்தினார். முதல் தரம் அது சரியாகப் பூட்டவில்லை. மறுபடி திறந்து சாத்தினார். வண்டி இறக்கத்தில் போனது. நாலு சிலிண்டரும் ஒன்றாக ஓடின என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அப்போது எல்லாம் ஒரே சத்தம்.

9

இனி முடிவு.

(அ) கடைத்தெருக் கோடியில் வண்டி நிற்கிறது. ஜுனைதீன் லொறிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, “வாங்க” என்று—

(ஆ) கடைத்தெருவுக்குத் திரும்பாமல் ஹாலிஎல ரோட்டில் போகிறார். ஸ்டேஷனுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, யாரையோ எதிர்பார்த்து வந்தவர்போல ரயில் வரும்வரை—

(இ) யாழ்ப்பாணம்.

மூன்றையும் எழுத எனக்குக் கை வரும். அப்புத்தளையிலிருந்து பதுளைக்குத் தினமும் ரயில் ஓடியது. போய் விசாரித்திருந்தால் எழுதவே வேண்டியிருக்காது. போகவில்லை. ஆகவே பதுளைச் சந்தியில் அவர் எந்தப் பக்கம் திருப்பினார் என்பதை உங்களிடம் விடுகிறேன். ஜுனைதீன் நானா மரக்கறி ஆக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். உங்கள் மனம் போல எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எந்தப் பக்கம் திருப்பினாலும், இரக்கப்பட்டு என்னைப் பக்கத்து ஆசனத்தில் ஏற்றிவிடாதீர்கள். அன்றைக்கு அது காலியாகத்தான் போனது.