திருகுக்கு வைத்த சிவப்பு

அன்று காலை அக்கா, தங்கையின் மூக்குக் கண்ணாடியை வாங்கி, ஆடிக்கொண்டிருந்த திருகை முறுக்கி, அதன் தலையில் சிவப்பு நகப்பூச்சை ஒரு துளி வைத்துக் கொடுத்தாள்.

“காயற வரைக்கும் தொடாத. உனக்குத்தான் கை சும்மா இருக்காதே” என்றாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பினாள். பதினொரு மணிக்குக் கடை முக்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே உயிர் போய்விட்டது. வயது அறுபத்திரண்டு.

மூன்றாம் நாள், பத்திரிகையில் போடுவதற்கு இரங்கல் விளம்பரம் எழுத அண்ணன் உட்கார்ந்தார். இருந்தவரை அவள் தெருவுக்கு முதிர்கன்னி, உறவுக்குத் தனிக்கட்டை, வாய் நீண்டவர்களுக்கு விலைபோகாத சரக்கு. இப்போது பதவி உயர்வு வந்திருந்தது.

“‘குடும்பத்துக்காகத் தன் வாழ்வையே தியாகம் செய்த செல்வி’ன்னு ஆரம்பிக்கட்டுமா?”

தங்கைக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “என்ன தியாகம்ணா? ரெண்டு பேர் பொண்ணு கேட்டு வந்தாங்க. இஷ்டமில்லேன்னு ரெண்டு பேரையும் அனுப்பிட்டா. நீதானே மூணு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச?”

அண்ணன் பேனா மூடியைக் கடித்தார்.

கடையிலிருந்து வந்த கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, நகப்பூச்சுப் புட்டியைத் தூக்கிக் காட்டினாள். “ஒரு நாளாவது நகத்துல பூசிப் பாத்திருக்கோமா? பாவம், ஆசையெல்லாம் பூட்டி வச்சுக்கிட்டே போயிட்டா. தியாகம்னே போடுங்க.”

“அது நகத்துக்கு இல்ல அண்ணி, திருகுக்கு. காஞ்சா கழலாது. அவ செஞ்சு குடுத்த கண்ணாடி எல்லாத்துலயும் இருக்கும். உங்களோடதக் கழட்டிப் பாருங்க.”

அண்ணி கழற்றினாள். கழற்றிய பிறகு அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணன்தான் வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கடுகை விடச் சிறிதாகச் சிவப்பு.

“பதினாலு வருஷமா மூக்கு மேலயே இருந்திருக்கே” என்றாள் அண்ணி.

“அப்ப என்னதான் போடறது?” என்றார் அண்ணன்.

“கண்ணாடிக் கடையில முப்பத்தெட்டு வருஷம் வேலை பாத்தவர்னு போடு” என்றாள் தங்கை.

“கல்யாணம் ஏன் ஆகலேன்னு நாலு பேர் கேப்பாங்களே.”

“அவகிட்டயே கேட்டவங்கதானே. நம்மகிட்டயும் கேக்கட்டும்.”

அண்ணன் தியாகத்தை அடித்தார். ‘செல்வி’யை எடுக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை; அது அப்படியே அச்சானது.

ஏழு மாதம் ஆகிறது. தங்கை கண்ணாடியை இரண்டு முறை கீழே போட்டுவிட்டாள். சட்டத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. திருகு ஆடவில்லை.