பிங்குவின் மொட்டை முதுகு

"சுகு, ஹார்னை அப்புறம் அடிக்கலாம். முதல்ல வண்டியை ஓட்டு!"

"முன்னாடி லாரி நிக்குது சேச்சி. தலைக்கு மேலயா பறக்கறது?"

மலைச்சாலையில் ஆட்டோவின் மேல் மழை வெளுத்து வாங்கியது. துண்டில் சுற்றிய முயலை மடியில் அணைத்திருந்தாள் ஜான்சி. துண்டை விலக்கினாலே வெள்ளை ரோமம் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. முதுகு முக்கால்வாசி மொட்டை. நேற்றிலிருந்து பிங்கு ஒரு புல்லைக்கூடக் கடிக்கவில்லை.

பக்கத்தில் மாமனார் அவுசேப்பு. கூப்பிடாமலே ஏறிக்கொண்டவர்.

"என் முட்டிவலிக்குத் தைலம் வாங்க ஒரு வாரம். இதுக்கு மட்டும் ஸ்பெஷல் ஆட்டோ," என்றார் வெளியே பார்த்தபடி.

"அப்பச்சன் வீட்லயே இருந்திருக்கலாமே."

"டாக்டர் என்ன சொல்றார்னு நானும் கேட்கணும்."

எதற்காம்? மகள் டெல்னா முயலைக் கொண்டுவந்த அன்றே, "மிளகு போட்டு வறுத்தா ஒருவேளைக்குத் தேறும்" என்றவர் இவர். குழந்தை அன்று முழுக்க அழுதாள். அடுத்த மாதமே ரோமம் உதிர ஆரம்பித்தது. வீட்டில் இருப்பது மூன்றே பேர். புருஷன் குவைத்தில்.

அவள் முடிவெடுத்துவிட்டாள். விஷம் என்ற வார்த்தை டாக்டர் வாயிலிருந்து வரட்டும். இன்றைக்கே டெல்னாவைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு. அப்புறம் இந்த வாசலை மிதிப்பதில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷாஹினா தோலைச் சுரண்டி எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"உண்ணி இல்ல. பூஞ்சையும் இல்ல. என்ன தீனி கொடுக்கறீங்க?"

"புல்லு, கேரட். வேற எதுவும் இல்ல டாக்டர்."

"நிச்சயமா?"

"நான்தான் கொடுக்கறேன்!"

டாக்டர், கூண்டில் விரித்திருந்த அந்தத் துண்டை உதறினாள். மடிப்பிலிருந்து பச்சையாக ஏதோ மேஜையில் விழுந்தது. புளிய இலை போலப் பொடிசு. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சவுண்டல் இலை. இதை யாரு போட்டது?"

"எங்க காம்பவுண்டுலயே அந்த மரம் இல்லையே..."

"யாரோ தினமும் தவறாமப் போட்டிருக்காங்க. இல்லேன்னா இவ்வளவு கொட்டாது."

ஜான்சி மேஜையருகே குனிந்தாள். "விஷமா டாக்டர்?"

"முயலுக்கு விஷம்தான்."

வார்த்தை வந்துவிட்டது. ஜான்சி விருட்டென்று திரும்பினாள். அவுசேப்பு சுவரோடு சாய்ந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சொல்லுங்க அப்பச்சா. ஒரு வாயில்லா ஜீவன் உங்களை என்ன செஞ்சுச்சு?"

"விஷமா?" கிழவரின் குரல் உடைந்தது. "என் ஆடுங்க எல்லாம் அதைத் தின்னுதானே டாக்டர் கொழுத்துச்சு? கிறிஸ்துமஸ் சந்தையில முதல் விலை என் ஆட்டுக்குத்தானே?"

"ஆட்டு வயிறு அதைத் தாங்கும் அப்பச்சா. முயலால முடியாது." டாக்டர் ஊசியை எடுத்தாள். "இன்னையோட நிறுத்துங்க. குளுக்கோஸ் ஏத்தறேன். பிழைச்சுடும்னுதான் நினைக்கிறேன். ரோமமும் முளைக்கும்."

ஜான்சி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத்தான் இதைக் கண்டாலே ஆகாதே. அப்புறம் எதுக்கு?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. மொட்டை முதுகின் மேல் ஒரு விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"என் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்னு கம்பியைச் சுரண்டுது மோளே. இந்த வீட்ல வேற யாரு எனக்காக எழுந்து நிக்கறாங்க?"

ஜான்சி அவர் முட்டியைப் பார்த்தாள்.

"அந்த மரம் மேட்டுத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு. அந்த முட்டியோட எப்போ போனீங்க?"

கிழவர் டாக்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சர்ச் அச்சன்கிட்டச் சொல்லிடாதே. விடியக்காலம் குடையோட கிளம்பறது பூசைக்குன்னுதானே நினைச்சுட்டிருக்கே? ரெண்டு மாசமா நான் சர்ச் பக்கமே போகலை மோளே."