ஸ்பிரிட் அடுப்பா, காஸ் அடுப்பா, ஹில்டிங்கின் மூக்கா

1

இந்தக் கதை ஒரு மீன் டப்பாவிலிருந்து வந்தது. கடலிலிருந்து, தனிமையிலிருந்து வந்தது என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். ஆனால் நான் படகுகளின் அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டிப் பிழைக்கிறவன். நாற்பது தாண்டித்தான் எழுதப் படித்தேன். கடலை எழுத உட்கார்ந்தால் இடுப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது.

2

முதல் வரியாக இதை வைத்திருந்தேன்: "போத்னியா வளைகுடாவின் விடியலில், நெருப்பு என்னும் ஆதி..."

அடித்துவிட்டேன். படகில் உருளைக்கிழங்கு வேகவைக்கிற அடுப்பைப் பற்றிய கதை இது. இதில் ஆதி எங்கே வந்தது?

இன்னொரு தொடக்கம்: வடக்கே, இந்த வளைகுடாக் கரையில், எங்கள் படகுத்துறையில் இரண்டு கட்சி. ஸ்பிரிட் கட்சிக்காரன் அடுப்பில் தண்ணீர் வைத்தால் அடுத்த தீவு வந்தபிறகுதான் கொதிக்கும். வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பான். புருவம் இல்லாதவனைக் கண்டால் தெரிந்துகொள்ளலாம், அடுப்பு ஆறும்முன் ஸ்பிரிட் ஊற்றியிருக்கிறான். காஸ் கட்சிக்காரனுக்கு எல்லாம் சட்டென்று நடக்கும். காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டு. வெடிப்பதும் சட்டென்றுதான்.

ஸ்பிரிட் கட்சிக்குத் தலைவர் ஃபோல்கே, ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. காஸ் கட்சிக்கு ஹில்டிங். இருவர் படகும் பக்கத்துப் பக்கத்தில்.

"டேய் ஹில்டிங், வெடிகுண்டு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. உன் காபி கொதிச்சுடுச்சா? நேத்து வச்சியே."

இதே இரண்டு வரியை வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். படித்தவர்கள்.

3

ஹில்டிங்கை நான் முழுசாக நம்பவில்லை. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். காலமெல்லாம் படகுகளுக்கு வார்னிஷ் அடித்தவர், அந்த நெடியில் மூக்கு செத்துவிட்டது. திரிந்த பாலைக் காபியில் ஊற்றிக் குடிக்கிறார். கேட்டால், "எனக்கு வேட்டைநாய் மூக்கு" என்கிறார். கதைக்காக நான் ஜோடித்தது போலிருக்கிறது, இல்லையா? ஜோடிப்பதாக இருந்தால் இன்னும் புத்தியுள்ள ஆளாக ஜோடித்திருப்பேன்.*

(* காஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றத்தைக் கலந்து விற்கிறார்கள். காவலுக்கு இருப்பது மூக்கு ஒன்றுதான். கசிவைக் கண்டு கத்துகிற கருவி இருக்கிறதே என்பீர்கள். அவர் மனைவி குன்வோரும் அதைத்தான் சொன்னாள். "மூக்கு இருக்கிறவனுக்கு மிஷின் எதுக்கு?" என்றார். அதை வாங்கி மாட்டினால் ஃபோல்கே பார்த்துவிடுவானே.)

குன்வோருக்கு எந்தக் கட்சியும் இல்லை. கோடை முழுக்கத் தீவு தீவாகப் போக வேண்டும் என்று ஆசை. வேலையில் இருந்த காலமெல்லாம் தள்ளிப்போட்ட ஆசை.

"இங்க பாரு ஹில்டிங், ராத்திரி நான் தூங்கும்போது யார் மூக்கு முழிச்சிருக்கும்?"

"என்னோடது."

"அதான் பயமா இருக்கு."

4

இனி டப்பா. ஹெர்ரிங் மீனை உப்பில் புளிக்கவைத்து அடைப்பார்கள். டப்பா உப்பிக்கொண்டு நிற்கும். நாங்கள் அதை வெளியே, வாளித் தண்ணீருக்குள் வைத்துத் திறப்போம். வீட்டுக்குள் திறந்தவன் வீடு மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் ஹில்டிங்கின் படகுக்குள் குப்புறப் படுத்து, கோடைப் பயணத்துக்காகப் பழைய காஸ் குழாயை மாற்றிப் புதுசு பொருத்திக்கொண்டிருந்தேன். ஹில்டிங் எனக்கும் படிக்கும் முதுகைக் காட்டி அடுப்புக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். குன்வோர் படியில் இறங்கிவந்தாள், என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தாள், டப்பாவைத் துண்டால் மூடி உள்ளேயே திறந்தாள்.

நாற்றத்தை வருணிக்க ஒரு பத்தி எழுதி... வேண்டாம். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்துப் படகில் ஃபோல்கே "யாரு செத்தது?" என்று கத்தினான்.

ஹில்டிங் திருகாணியை விடவில்லை. "என்ன குன்வோர், காபி போடறியா?"

முடிந்தது, மாட்டினார் என்று நினைத்தேன். குன்வோரும் அப்படித்தான் நினைத்தாள். அவர் திரும்பினார், டப்பாவைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார். முகத்தில் என்னவோ அணைந்தது. ஒரு நொடிதான். உடனே ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி ரொட்டியில் வைத்துக் கடித்தார்.

"கிண்டலுக்குச் சொன்னேன். இந்தக் கரையில பிறந்தவன் இதுக்கெல்லாம் மூக்கைச் சுளிப்பானா? தெற்கத்திக்காரன் பண்ற வேலை அது."

எங்கள் ஊரில் சுளிக்காமல் இருப்பதுதான் ஆம்பளைத்தனம். ஊரில் பாதிப் பேர் அழாமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு தின்கிறவர்கள். வேறெந்த நாற்றத்தை வைத்துச் சோதித்திருந்தாலும் மாட்டியிருப்பார். தப்பிக்க வழியுள்ள ஒரே நாற்றத்தைப் பார்த்து எடுத்துவந்திருக்கிறாள்.

"ரொம்ப சாமர்த்தியம்" என்றாள் குன்வோர், அவரைப் பார்க்காமல். தன்னைச் சொன்னாளா அவரைச் சொன்னாளா, தெரியவில்லை.

5

முடிவுகள்.

அ. வெடிக்கிறது. உங்களுக்கு இதுதான் வேண்டும், தெரியும். அவளைக் கொன்றால்தான் அவருக்குப் புத்தி வரும் என்று எழுதுவது சுலபம். சாகிறவள் அவளாயிற்றே.

ஆ. ஹில்டிங் அழுது ஒத்துக்கொள்கிறார். மழை பெய்கி... எங்கள் கரையில் ஆண்பிள்ளைகள் படகு மூழ்கினால் அழுவார்கள், காப்பீடு இல்லாவிட்டால்.

இ. ஸ்பிரிட் அடுப்பே வைக்கிறார்கள். ஃபோல்கே கேக் கொண்டுவருகிறான். ஃபோல்கே ஜெயிக்கிற கதையை எழுத என்னால் ஆகாது.

6

நடந்தது இவ்வளவுதான். புறப்படுகிற காலை. காஸ் பொருத்தியாயிற்று, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. இன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். ஹில்டிங் கயிறுகளை அவிழ்த்துவிட்டார். குன்வோர் ஒரு காலைப் படகில் வைத்தாள். இன்னொரு கால் துறைப் பலகையில்.

"ஹில்டிங், நீ எதுல வேணாலும் சமை. எனக்கு அடுப்பு பிரச்சினையில்ல. 'எனக்கு வாடை தெரியல'ன்னு சொல்லு. ஃபோல்கே காதுல விழ வேணாம், மெதுவாவே சொல்லு. நான் வரேன். அப்புறம் மூக்கு வேலைய நான் பாத்துக்கறேன்."

ஹில்டிங் ஃபோல்கேயின் படகைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அந்த வாய்க்கு மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நல்லவராகிவிடுகிறார், ஒன்றில் அயோக்கியராகிவிடுகிறார், மூன்றாவதில் வானிலையைப் பற்றிப் பேசுகிறார். மூன்றாவதுதான் அவர் பேச்சு மாதிரி இருந்தது. அதனாலேயே அடித்தேன்.

நீங்கள் எழுதுங்கள். இவ்வளவு தூரம் சும்மா உட்கார்ந்து படித்தீர்களே. யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்: கயிறு அவிழ்ந்த படகு துறையை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது, அவளுடைய இரண்டு கால்களுக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிறது.